விளிம்பில் வளரும் மண்: இயற்கையின் உருவங்கள் சுடுமண்ணைத் தேடி வருவது ஏன்?

ஒரு சங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனியில் குண்டூசித் தலை அளவில் இருக்கும் சுற்றுதான் அந்த உயிரின் குழந்தைப் பருவம். அதற்குப் பிறகு வளர்ந்ததெல்லாம் வாய் விளிம்பில் மட்டும்தான். உள்ளே இருக்கும் உயிர் தன் உடலின் ஓரத்திலிருந்து சுண்ணாம்பைச் சுரந்து, இருக்கும் விளிம்போடு மெல்லிய பட்டையாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. பழைய சுற்றைப் பிரித்துத் திருத்த அதற்கு வழியில்லை. நேற்று கட்டியதன் மேல்தான் இன்று கட்ட வேண்டும்.

களிமண்ணைக் கயிறாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கட்டும் சுருள் முறையும் இப்படித்தான் நடக்கிறது. அடிச்சுற்று கொஞ்சம் இறுகிய பிறகுதான் அடுத்த சுற்றின் பாரத்தை அது தாங்கும். ஒவ்வொரு சுற்றையும் முந்தையதைவிடச் சற்று வெளியே தள்ளி வைத்தால் வாய் விரியும், உள்ளே தள்ளினால் குவியும். ஒரே விகிதத்தில் தொடர்ந்து விரித்துக்கொண்டே போனால், கணக்கு எதுவும் போடாமலேயே சங்கின் வளைவு கைக்கு வந்துவிடும்.

விதைக்கூடு, பவளம், காளான், கூழாங்கல், காய்ந்த இலை என்று இயற்கை உருவங்களை ஒட்டிச் செய்யப்படும் சுடுமண் சிற்பங்கள் இன்று எங்கும் கண்ணில் படுகின்றன. இந்த உருவங்கள் மரத்தையும் உலோகத்தையும்விட மண்ணையே அதிகம் தேடி வருவது ஏன் என்று கேட்டால், மண் இளகியது, சொன்னபடி கேட்கும் என்பார்கள். ஒரு வாரம் மண்ணில் கை வைத்தவர்கூட இப்படிச் சொல்ல மாட்டார். மண் சொன்னபடி கேட்காது. அது வளையும், பிறகு தானாக நிமிரும். காயும்போது தன் இஷ்டத்துக்குச் சுருங்கும். சூளைக்குள் போனால் கேட்கவே வேண்டாம். என் கணிப்பில் காரணம் வேறு. மண் கடந்துபோகும் ஈரம், உலர்வு, சுருக்கம், வெடிப்பு, இறுக்கம் எல்லாவற்றையும் காயும் கனியும் சிப்பியும் தம் போக்கில் கடந்துவந்திருக்கின்றன. உருவம் ஒத்துப்போவதற்கு முன்பே அனுபவம் ஒத்துப்போகிறது. நல்ல சிற்பத்தையும் வெறும் போலியையும் பிரிப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

மண்ணுக்குள் நடப்பது

களிமண்ணை நுண்ணோக்கியில் பெரிதாக்கிப் பார்த்தால் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டது போல இருக்கும். கயோலினைட் என்ற கனிமத்தின் மெல்லிய தகடுகள் அவை. தகடுகளுக்கு நடுவே நீர் படலமாக நிற்பதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். நாம் ‘பதம்’ என்று சொல்வது இந்த வழுக்கலைத்தான். நீர் வெளியேற வெளியேறத் தகடுகள் நெருங்கி வரும், அதுவே சுருக்கம். உலர்வதையும் சுடுவதையும் சேர்த்தால், உயர்சூட்டில் வேகும் ஸ்டோன்வேர் மண்ணின் நீளம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். பீங்கான் மண் இன்னும் கூடுதலாகச் சுருங்கும். 30 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் 33க்கும் மேலாகச் செய்துவைக்க வேண்டும்.

எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் சுருங்கினால் சிக்கல் எதுவுமில்லை. அப்படி நடப்பதே இல்லை. மண்தகடு ஒன்றை மேசைமேல் திறந்து வைத்தால், காற்றுப் படும் மேற்பரப்பு முதலில் காயும், முதலில் சுருங்கும். கீழ்ப்பக்கம் இன்னும் ஈரமாக விரிந்தே இருக்கும். விளைவாக ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு எழும். மரத்திலிருந்து விழுந்த இலை இரண்டு நாளில் சுருண்டு கிடப்பதும் இது போன்ற ஒன்றுதான். இரண்டு பக்கமும் சமமாகச் சுருங்காததால் வரும் வளைவு அது. பைன் கூம்பு இன்னும் தெளிவான உதாரணம். அதன் செதில் ஒவ்வொன்றிலும் இரண்டு அடுக்குகள் உண்டு. காயும்போது வெளி அடுக்கு அதிகம் சுருங்குவதால் செதில் வெளிப்பக்கமாக வளைந்து, கூம்பு திறக்கிறது. நனைந்தால் மறுபடி மூடிக்கொள்கிறது. உயிர் போய் நெடுநாளான பிறகும் வேலை செய்யும் பொறி அது.

சுடுமண்ணில் இலை செய்ய இரண்டு வழிகள் உண்டு என்று இதிலிருந்து புரியும். விரலால் ஓரத்தை அலை அலையாக வளைத்து, நரம்பைக் கத்தியால் கீறுவது ஒரு வழி. தகட்டை இலை வடிவில் வெட்டி, நடுவை மட்டும் ஈரத்துணியால் மூடி, ஓரத்தைக் காற்றுக்கு விட்டுவிடுவது இன்னொன்று. முதல் வழியில் வரும் அலைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்கும், பார்த்தவுடன் அலுப்புத் தட்டும். இரண்டாவதில் எந்த ஓரம் எங்கே எழும் என்று செய்தவருக்கே முழுதாகத் தெரியாது. பத்துக்கு நான்கு விரிசல் விட்டுத் தொலையும் என்பதும் உண்மைதான்.

வளைவுகளை மண் மறப்பதில்லை. வளைத்துவிட்டு நிமிர்த்திய தகடு, பார்வைக்கு நேராக இருந்தாலும் உலரும்போதோ சூளையிலோ பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். உள்ளே இருக்கும் கனிமத் தகடுகளின் அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்பதுதான் விஷயம். ‘மண்ணுக்கு ஞாபகம் உண்டு’ என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

சூளைக்குள் முதலில் வெளியேறுவது தேங்கிய ஈரம். 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது நீராவியாகிறது. கனமான சுவருக்குள் ஈரம் மிச்சமிருந்தால் நீராவி வெளியேற வழி தேடும், கிடைக்காவிட்டால் வெடிக்கும். மண்ணுக்குள் காற்றுக்குமிழ் இருந்தால் வெடிக்கும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. பழி உண்மையில் ஈரத்தின் மேல்தான். முழுதாக உலர்ந்த மண்ணில் காற்றுக்குமிழ் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதன்பின் ஏறக்குறைய 450 முதல் 600 டிகிரிக்குள், கனிமத்தோடு வேதிமுறையில் பிணைந்திருந்த நீரும் போய்விடும். இந்தக் கட்டத்தைத் தாண்டிய மண்ணை மறுபடி நீரில் ஊறவைத்துச் சேறாக்க முடியாது. 573 டிகிரியில் மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் படிகம் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று விரியும். குளிரும்போது அதே புள்ளியில் சட்டென்று சுருங்கும். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும் சிற்பத்துக்குக் கண்டம் இங்கேதான்.

பெரிய சிற்பங்கள் உள்ளே குடைந்து கூடாக இருப்பதற்கும் சுவர் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருப்பதற்கும் காரணம் இதுதான். கூடான உடல், மெல்லிய சுவர், எங்காவது ஒரு துளை. சுரைக்காய், சங்கு, முட்டை, கசகசாக் காய் எல்லாமே ஏறக்குறைய இந்த இலக்கணத்தில் அடங்குகின்றன. அவை மண்ணுக்கு எளிதாக வருவதில் வியப்பில்லை.

வராதவையும் இருக்கின்றன. புல்லின் தண்டு, கொடியின் பற்றுக்கம்பி, பூவின் காம்பு. சுட்ட மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையையும் வளைவையும் தாங்காது. தண்டின் வலிமையோ வளைந்துகொடுப்பதில் இருக்கிறது. பழைய பீங்கான் மிருகங்களின் வயிற்றுக்குக் கீழே அநேகமாக ஒரு மரக்கட்டையோ புதரோ இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்கு வைத்தது போலத் தோன்றும். சூளையில் இளகும் கால்கள் உடலின் பாரத்தில் மடிந்துவிடாமல் இருக்க வைத்த முட்டு அது.

பானைக்கு முன்பே சிற்பம்

மனிதர்கள் மண்ணைச் சுட ஆரம்பித்தது பானைக்காக என்றுதான் நினைப்போம். இன்றைய செக் குடியரசில் உள்ள டோல்னி வெஸ்டோனிட்சே என்ற பழைய கற்கால இடம் அதை மாற்றிப் போடுகிறது. 1925இல் அங்கே கிடைத்த 11 சென்டிமீட்டர் உயரப் பெண் உருவம் 25,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அதோடு கரடி, சிங்கம், மாமூத், ஆந்தை உருவங்களின் துண்டுகளும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. சீனாவின் சியான்ரென்டோங் குகையில் கிடைத்த, இதுவரை அறியப்பட்டவற்றில் மிகப் பழைய பானை ஓடுகளின் வயது ஏறக்குறைய 20,000 ஆண்டுகள்தான். பெண் உருவத்தின் முதுகில் ஒரு சிறுவனுடையதோ சிறுமியுடையதோ ஆன விரல்ரேகை பதிந்திருக்கிறது. துண்டுகளில் பல, நெருப்பில் வெடித்துச் சிதறியவை. ஈர மண்ணை வேண்டுமென்றே நெருப்பிலிட்டு வெடிக்க வைத்திருக்கலாம், வெடிப்பதே அந்தச் சடங்கின் நோக்கமாக இருந்திருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இது சரியாக இருந்தால், இன்று நாம் தலையில் கை வைக்கும் விபத்துக்காகத்தான் அவர்கள் காத்திருந்திருக்கிறார்கள்.

பெருவின் வடகரையில் வாழ்ந்த மோச்சே மக்கள் பூசணியையும் உருளைக்கிழங்கையும் நண்டையும் கலங்களாக வடித்தார்கள். சீனாவின் யிஷிங் ஊதாமண் தேநீர்க் கெண்டிகளின் கதை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் போகிறது. கோங் சுன் என்ற பணியாள் ஒரு கோயிலில் இருந்த கிங்கோ மரத்தின் முண்டைப் பார்த்து முதல் கெண்டியைச் செய்தான் என்பது மரபாகச் சொல்லப்படுவது. கதை எப்படியோ, மரமுண்டு என்பது கவனிக்கத்தக்க தேர்வு. மரத்தில் காயம் பட்ட இடத்தில் திசுக்கள் ஒழுங்கின்றிப் பெருகி உண்டாகும் புடைப்பு அது. கையால் அழுத்தி அழுத்திப் புடைக்கவைத்த மண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான மாதிரி கிடைப்பது கடினம். பிறகு 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென் மிங்யுவான் கொட்டைகளையும் தாமரை விதைகளையும், கண்ணாடி போன்ற மெருகு பூசாமல், மண்ணின் நிறத்தையே மாற்றி, அசலென்று நம்பும்படி செய்தார்.

அசலென்று நம்பவைப்பதில் உச்சம் தொட்டவர் பிரான்சின் பெர்னார் பலிசி. 1510 வாக்கில் பிறந்தவர். வெள்ளை மெருகின் ரகசியத்தைத் தேடி ஏறக்குறைய 15 ஆண்டுகள் சூளையோடு போராடினார். விறகு தீர்ந்துபோன ஒரு நாளில் வீட்டு மேசைகளையும் தரைப்பலகைகளையும் பெயர்த்துச் சூளைக்குள் போட்டதாக அவரே எழுதியிருக்கிறார். அவருடைய தட்டுகளில் பாம்பும் பல்லியும் மீனும் சிப்பியும் ஈரப்பாறைமேல் ஊர்வது போலக் கிடக்கும். உண்மையான பிராணிகளிலிருந்தே அச்செடுத்து வார்த்தவை என்பதால் ஒரு செதில்கூடப் பிசகாது. அரசி கேத்தரின் தெ மெதிசிக்காக பாரிஸின் துய்லரி தோட்டத்தில் இப்படி ஒரு செயற்கைக் குகையே கட்டும் வேலை அவரிடம் தரப்பட்டது.

அச்செடுத்தது கலையா என்று மூக்கைச் சுருக்குவது எளிது. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் இதே பலிசிதான், பாறைகளில் காணப்படும் சிப்பி உருவங்கள் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவற்றின் எச்சங்கள் என்று 1580இல் அச்சில் வாதிட்டார். உயிரின் மேல் சேறு படிந்து, இறுகி, உருவம் மட்டும் மிஞ்சுவதுதானே புதைபடிவம்? அவர் பட்டறையில் நாள்தோறும் செய்துகொண்டிருந்ததும் அதைத்தான். கைவேலை வழியாக அவர் நிலவியலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. சீர்திருத்தக் கிறிஸ்தவர் என்ற குற்றத்துக்காகச் சிறையிடப்பட்டு, 1590 வாக்கில் பஸ்தீல் சிறையிலேயே இறந்தார்.

ஜெர்மனியின் மைசன் ஆலையில் 1730களில் நடந்தது வேறு மாதிரியான பிடிவாதம். சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸ், தன் ட்ரெஸ்டன் மாளிகைக்காக ஏறக்குறைய உயிரளவில் பீங்கான் மிருகங்கள் வேண்டும் என்றார். சிற்பி யோஹான் யோவாகிம் கெண்ட்லர் அரண்மனைப் பறவைகளை நேரில் பார்த்து வரைந்து, வெள்ளாட்டையும் கழுகையும் செய்தார். பீங்கான் மண்ணோ அந்த அளவைத் தாங்காது. இன்று அருங்காட்சியகங்களில் நிற்கும் அந்த மிருகங்களின் உடலில் சூளை விரிசல்கள் அப்பட்டமாகத் தெரிகின்றன. வண்ணத்துக்காக இன்னொரு முறை சுடும் துணிச்சல் வராமல், சிலவற்றுக்குச் சுடாத வண்ணத்தையே பூசினார்கள். எனக்கென்னவோ விரிசல்தான் அவற்றுக்கு உயிர் தருகிறது. வழுவழுப்பான வெள்ளாட்டைவிட, விலாவில் பிளந்த வெள்ளாடு நம்பும்படி இருக்கிறது.

டென்மார்க்கின் அக்சல் சால்ட்டோ (1889–1961) இந்தக் கதையின் திருப்பம். இயற்கையின் வெளித்தோற்றத்தை நகலெடுப்பதைவிட இயற்கை இயங்கும் விதத்தில் படைப்பதே கலைஞனுக்கு முக்கியம் என்ற கருத்துடையவர். அவருடைய ‘துளிர்க்கும்’ ஜாடிகளைப் பார்த்தால் எந்தச் செடி என்று சொல்ல முடியாது. உடல் முழுக்க முளைகள் உள்ளேயிருந்து தோலை முட்டிக்கொண்டு வெளிவருகின்றன. சில இப்போதுதான் தலைகாட்டுகின்றன, சில விரிந்து நீண்டுவிட்டன. செடியைக் காட்டாமல் துளிர்ப்பதை மட்டும் காட்டுகிற வேலை அது. ஹாம்பர்க்கில் பிறந்து, இங்கிலாந்து வழியாக 1964இல் சிகாகோ போய்ச் சேர்ந்த ரூத் டக்வர்த்தின் பீங்கான் உருவங்களும் இப்படித்தான். எலும்பா, கூழாங்கல்லா, மொட்டா என்று கண் தடுமாறும். இந்த வழியில் ஒரு ஆபத்தும் உண்டு. கொஞ்சம் நெளிந்து, நாலு துளை இருந்தால் போதும், ‘இயற்கை உருவம்’ என்று பெயர் சூட்டிவிடலாம் என்ற துணிச்சல் பலருக்கு வந்துவிட்டது.

பூசுவதும் விளைவதும்

மெருகுப் பூச்சு, அதாவது கிளேஸ், அடிப்படையில் கண்ணாடிதான். சிலிக்காவும், அதை இளகவைக்கும் பொருள்களும், ஓடிவிடாமல் பிடித்து நிறுத்த அலுமினாவும் சேர்ந்த பொடியை நீரில் கரைத்துப் பூசுவார்கள். சூளையில் உருகும்போது அது தேனைப் போல நடந்துகொள்ளும். முனைகளிலிருந்து வழிந்து பள்ளங்களில் தேங்கும். சால்ட்டோவின் முளை நுனிகள் வெளுத்தும் இடுக்குகள் இருண்டும் இருப்பது தூரிகையால் வரவில்லை, ஈர்ப்புவிசையால் வந்தது. பாசி பாறையின் இடுக்கில் அடர்ந்து, மேட்டில் மெலிவதும் நீர் தேங்கும் இடம் பார்த்துத்தானே?

உருவத்தைப் போலவே பரப்பையும் வரையாமல் விளைவிக்க முடியும். மெக்னீசியம் கார்பனேட்டை அளவுக்கு மிஞ்சிச் சேர்த்த மெருகு, காயும்போதே சேற்றுக் குட்டை போல வெடிக்கும். சூளையில் அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனித் தீவுகளாகக் குவிந்து, கல்லில் படரும் லைக்கன் போலவே ஆகிவிடும். வியன்னாவிலிருந்து 1938இல் லண்டனுக்குப் போன லூசி ரீ, சிலிக்கான் கார்பைடு கலந்து எரிமலைக் குழம்பு போன்ற பரப்புகளைச் செய்தார். அந்தப் பொருள் சூட்டில் வாயுவை வெளியிடும், மெருகு கொதித்துக் குமிழ்விடும், குமிழ் உடைந்த இடம் பள்ளமாக நிற்கும். எரிமலைக் கல்லில் துளைகள் வருவதும் வாயுவால்தான். துத்தநாகம் மிகுந்த மெருகை 1,260 டிகிரிக்கு மேல் உருக்கி, பிறகு 1,100 டிகிரிக்கு அருகே இறக்கிச் சில மணி நேரம் அப்படியே நிறுத்தினால், கண்ணாடிக்குள் வில்லமைட் படிகங்கள் விசிறி விசிறியாக வளரும். சன்னலில் உறைபனி படர்வது போல, ஒரு புள்ளியில் தொடங்கி வெளிநோக்கி. எந்த இடத்தில் பூக்கும் என்பது ஓரளவுக்குத்தான் நம் கையில் உண்டு.

கடலின் ரேடியோலேரியா, டயாட்டம் போன்ற நுண்ணுயிர்கள் தங்கள் கூட்டைச் செய்துகொள்வதும் சிலிக்காவில்தான். ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1899 முதல் 1904 வரை வெளியிட்ட 100 படத்தகடுகள் வழியாக அந்தச் சல்லடைக் கூடுகள் கலைஞர்களுக்கு அறிமுகமாயின. இன்றும் துளைத்துத் துளைத்துச் செய்யப்படும் வெண்பீங்கான் உருண்டைகளில் அந்தப் படங்களின் நிழல் இருக்கிறது. 1917இல் ஸ்காட்லாந்து உயிரியலாளர் டார்சி தாம்சன், உயிர்களின் வடிவங்களைப் பரிணாமம் மட்டும் தீர்மானிப்பதில்லை, பரப்பு இழுவிசை, எடை, வளர்ச்சி வேகம் போன்ற சாதாரண இயற்பியல் விசைகளும் செதுக்குகின்றன என்று விரிவாக வாதிட்டார். மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு இது தத்துவமாகத் தோன்றாது. அவர்கள் கையில் தினமும் படும் விசைகள் அவை.

எத்தனை கை பட்டால் கைவினை?

2010 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பெருங்கூடத்தில் ஆய் வெய்வெய் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். ஏறக்குறைய 10 கோடி விதைகள். அத்தனையும் பீங்கான். சீனாவின் ஜிங்டெஜென் நகரில் 1,600க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து செய்தவை. விதையின் உடல் அச்சில் பிறந்தது, கருங்கோடுகள் ஒவ்வொன்றும் தூரிகையால் வந்தவை. பார்வையாளர்கள் விதைகள்மேல் நடக்கலாம் என்றுதான் முதலில் ஏற்பாடு. மிதிபட்டு எழுந்த பீங்கான் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது. சிலிக்கா தூசு இத்தொழிலின் பழைய பகை. காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்பது பட்டறையின் முதல் பாடம். வழவழப்பாக்கும் ஆசையில் காய்ந்த சிற்பத்தை உப்புத்தாளால் தேய்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அச்சைப் பயன்படுத்தினால் கைவினை ஆகாது என்று நான் சொல்ல மாட்டேன். மோச்சே மக்களும் பலிசியும் அச்சு வைத்துத்தான் செய்தார்கள். ஆனால் முழுக்கக் கையால் செய்தது என்று சொல்லி விற்கும்போது அது உண்மையா என்று பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது. ஒரே மாதிரியான இரண்டு உருப்படிகளைப் பக்கத்தில் வைத்து, நரம்பும் சுருக்கமும் அதே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அச்சு. பக்கவாட்டில் மெல்லிய கோடாக அச்சின் பொருத்து தெரியலாம். மண் குழம்பை வார்த்து எடுத்ததென்றால் சுவர் எல்லா இடத்திலும் ஒரே மெலிவில் இருக்கும், உள்பக்கம் வழுக்கலாக இருக்கும். கையால் கட்டியதில் உள்ளே விரல் நுழைத்தால் சுற்றுகளின் மேடு பள்ளமும் கிள்ளிய தடமும் தட்டுப்படும். வெளிப்பக்கத்தை எவ்வளவு நகாசு பார்த்தவரும் உட்பக்கத்தை அநேகமாக அப்படியே விட்டிருப்பார்.

பவளத்தை எடுத்துக்கொண்டவர்களுக்கு இது அழகு விவகாரம் மட்டுமல்ல. கடல் சூழலியலும் சுடுமண் சிற்பமும் சேர்த்துப் படித்த அமெரிக்கர் கர்ட்னி மேட்டிசன் சுவர் அளவுக்குப் பவளத்திட்டுகளைச் செய்கிறார். ஆயிரக்கணக்கான துளைகளும் மொட்டுகளும் கையால் இடப்பட்டவை. வண்ணப் பவளங்கள் ஓரத்துக்குப் போகப்போக வெறும் வெள்ளையாகிவிடும். கடல்நீர் சூடேறும்போது பவளம் தன்னோடு வாழும் பாசியை இழந்து வெளுப்பதைக் குறிக்க அவர் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, மெருகில் நிறம் சேர்க்காமல் விட்டால் போதும். பொருள் உடையக்கூடியது என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

ஒன்பது விதைகள்

ஒரு முறை உலர்ந்த தாமரைக் காயைச் செய்து பார்த்தேன். மேற்பரப்பில் ஒன்பது துளைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதை. குலுக்கினால் விதைகள் உள்ளே ஆட வேண்டும், கவிழ்த்தால் விழக் கூடாது. அசல் காயில் அப்படித்தான். பச்சையாக இருக்கையில் விதையைத் தசை இறுகப் பிடித்திருக்கும். காய்ந்ததும் விதை தளர்ந்து ஆட ஆரம்பிக்கும்.

மண்ணில் இது தலைகீழ். காய் காயக் காயத் துளையின் வாய் இறுகும். ஆகவே அந்த இறுக்கத்தையே பூட்டாக்கலாம் என்று கணக்குப் போட்டேன். விதைகளை முன்கூட்டியே செய்து, 1,000 டிகிரியில் முதல் சூடு கொடுத்துவிட்டேன். இனி அவை உலர்ந்து சுருங்காது. காயின் உடலைச் சுருள் முறையில் கட்டி, மண் இன்னும் ஈரமாக இருக்கும்போதே துளைகளைத் தோண்டினேன். வாய் 20 மில்லிமீட்டர், உள்ளே 24 வரை அகலும் பள்ளம். விதையின் குறுக்களவு 19.2. ஈரமான வாய் வழியாக விதை தாராளமாக இறங்கும். உடல் 6 சதவீதம் சுருங்கி உலரும்போது வாய் 18.8 ஆகிவிடும். விதை உள்ளே சிறைப்பட்டுவிடும். பெரிய சூட்டில் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, விதைகளை அலுமினா கரைசலில் தோய்த்து எடுத்தேன். உடலில் மெருகு கிடையாது, இரும்புத்துரு கரைசல் மட்டும் பூசித் துடைத்ததோடு சரி.

காகிதத்தில் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பள்ளத்தின் ஆழத்தைத்தான் யோசிக்கவில்லை. இரண்டு விதைகள் ஆழத்தில் அமராமல் வாய்க்கு நேராகவே நின்றுவிட்டன. மூன்றாம் நாள் பிளாஸ்டிக் உறையை விலக்கியபோது, அந்த இரண்டு வாய்களிலும் மயிரிழை விரிசல். சுருங்கப் பார்த்த மண்ணுக்கு நடுவே சுருங்க மறுத்த விதை. விரிசலில் மண் குழம்பைத் தடவி மூடினேன். அது வீண்வேலை என்று தெரிந்தேதான் செய்தேன். உலர்ந்த மண்ணில் ஈரக் குழம்பு தனியாகச் சுருங்கி அதே இடத்தில் விட்டுவிடும். சூளையிலிருந்து வந்தபோது விரிசல் இரண்டும் நெல் அளவுக்குத் திறந்திருந்தன. ஐந்து விதைகள் நன்றாக ஆடின. அலுமினா உதிர்ந்திருந்த இரண்டு, பள்ளத்தின் அடியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. வாய் பிளந்த இரண்டும் ஒட்டவில்லை, ஆடவும் இல்லை, கவ்விய நிலையில் அப்படியே நின்றன.

அடுத்த முறை விதையை 19க்குக் குறைத்து, பள்ளத்தை 5 மில்லிமீட்டர் ஆழப்படுத்தி, உடல் மண்ணில் சுட்டமண் பொடியையும் கூடுதலாகச் சேர்த்தேன். ஒன்பதும் ஆடின. இரண்டு காய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் குலுக்கிப் பார்ப்பது இரண்டாவதை. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பி நெடுநேரம் பார்ப்பது முதலாவதை.